சாவகாச சாரா

பென்சன், அரிசோனா
மார்ச் 9, 1998

அன்புள்ள மெரில்,

நலம்தானே? உன் அக்கா வீட்டில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நீ விட்டுப்போன பழங்காலத் துப்பாக்கிகளை விற்கச் சொன்னாயே, இங்கிருக்கும் சங்கத்துக்கு எடுத்துப் போனேன், பழைய கௌபாய்களைப் போல உடுத்திக்கொண்டு குறி பார்த்துச் சுடுகிறவர்கள். எல்லோரும் நூறு வருஷத்துக்கு முந்தைய உடுப்பில் நின்றார்கள். டொலோரஸ் என்று ஒருத்தி தன் துப்பாக்கி பெல்ட்டை என் இடுப்பில் கட்டிவிட்டாள். "விக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை சுட்டுப் பாரு கண்ணு. குறி இரும்புத் தகடுதானே, திருப்பிச் சுடாது!" என்றாள்.

தகடு 'டங்' என்றது. ஒன்றும் தோன்றவில்லை. நம் பிள்ளை டேரிலை அடக்கம் செய்த நாளிலிருந்து எனக்கு எதுவுமே தோன்றுவதில்லை, உனக்குத் தெரியும். ஆனால் உள்ளங்கை மட்டும் சாயங்காலம் வரை அதிர்ந்துகொண்டே இருந்தது.

விற்றுவிடட்டுமா?

வெர்லீன்

துலூத், மினசோட்டா
மார்ச் 21

வெர்லீனுக்கு,

சாப்பிடுகிறேன். இங்கே இன்னும் பனி.

விற்றுவிடு. மகன் போய் மூன்று வருஷம்தான் ஆகிறது, அவன் அம்மா வேஷம் கட்டிக்கொண்டு திரிகிறாள் என்று ஊர் பேசும். குறை சொல்வதற்காக எழுதவில்லை.

மெரில்

பென்சன்
ஏப்ரல் 14

அன்புள்ள மெரில்,

விற்கவில்லை. மூன்று தடவை போய்விட்டேன். ஒரு சுற்றுக்குக் கைத்துப்பாக்கி இரண்டிலும் ஐந்தைந்து குண்டு, ரைபிளில் பத்து. மற்றவர்கள் முப்பது விநாடியில் முடிப்பதை நான் தொண்ணூற்று நான்கில் முடித்தேன். நேரம் குறிக்கிறவர், "அம்மா, மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சிருவீங்களா?" என்றார்.

சங்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் வேண்டுமாம். "இவளுக்கு சாவகாச சாரானு வையுங்கப்பா!" என்று டொலோரஸ் கத்தினாள். சிரித்துவிட்டேன், மெரில். சிரித்த கையோடு பயந்துபோய்ச் சுற்றிலும் பார்த்தேன், நீ எங்காவது நிற்கிறாயோ என்று.

திரும்பி வாயேன். நீ சுட வேண்டாம். நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

உன் வெர்லீன்

துலூத்
ஏப்ரல் 30

வெர்லீன்,

நீ சிரித்ததாக எழுதிய வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சந்தோஷம் வரவில்லை. கோபமாவது வரும் என்று காத்திருந்தேன், அதுவும் வரவில்லை. நான் வந்தால் நீ ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் சுற்றிலும் பார்ப்பாய்.

வக்கீல் எழுதித் தந்த விவாகரத்துக் காகிதங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். துப்பாக்கிகள் உன்னிடமே இருக்கட்டும்.

மெரில்

பென்சன்
மே 17

மெரில்,

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். அழுகை வரும் என்று சமையலறையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை. பாத்திரங்களைக் கழுவி வைத்தேன்.

நேற்று சங்கத்தில் உறுப்பினர் படிவம் கொடுத்தார்கள். ஏதாவது விபத்து என்றால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று ஒரு கட்டம். பழக்கத்தில் உன் பெயரைப் பாதி எழுதிவிட்டேன். பக்கத்தில் நின்ற டொலோரஸ், "என்ன யோசனை? என் பேரைப் போடு, நான்தான் பக்கத்துல இருக்கேன்" என்றாள்.

உன் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதினேன்.

வெர்லீன்