காத்து மெஷின் இருந்த வாரம்

ஆவணி 8, திங்கள்

பகல் முழுக்க வெயில். சாயங்காலம் சடசடவென்று மழை. கொடியில் கிடந்த துணி நனைந்தது. பெண்டாட்டி ராஜம்மா என்னைத் திட்டினாள். மழைக்கும் நான்தான் காரணம்.

மழைக்கு ஒதுங்கினான் ஒருத்தன். டை கட்டினவன், இடுப்பில் பேஜர். ஜங்ஷன் பக்கத்துப் புது ஃபிளாட்டுகளுக்குப் போகவேண்டியவனாம். கையில் சூட்கேஸ் அளவுக்கு ஒரு பெட்டி.

"சார், உள்ள வரலாமா? பெட்டி நனையக் கூடாது."

அவன் நனையலாம். பெட்டி கூடாது.

வீட்டுக் காற்றைச் சுத்தம் பண்ணுகிற மெஷின். தூசி, புகை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு நல்ல காற்றாக வெளியே விடுமாம். விலை சொன்னான். ராஜம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகள் மல்லிகா கல்யாணத்துக்கென்று பீரோவில் மூன்று பவுன் சங்கிலி இருக்கிறதே, ஏறக்குறைய அது.

"காத்துக்கா தம்பி மூணு பவுனு?"

"சார், இது சாதா காத்து இல்ல சார்."

அப்போது பார்த்து மல்லிகா வேலை முடிந்து வந்தாள். வாசலிலேயே இளைப்பு. பையிலிருந்து இளைப்பு மருந்து பம்ப்பை எடுத்து வாயில் வைத்து இழுத்தாள். அவன் கண் அவள் மேலேயே. "மேடத்துக்குன்னே பண்ணின மாதிரி இருக்கு சார். ஒரு வாரம் வெச்சிப் பாருங்க, காசே வேணாம். புடிக்கலைன்னா நானே எடுத்துக்கறேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். "வெச்சிட்டுப் போப்பா" என்றாள் ராஜம்மா.

அவன் போன பிறகு காரணம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூரிலிருந்து மல்லிகாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். "அவங்க குந்திகினு இருக்கற வரிக்கும் இவ இருமாம இருந்தா போதும். அப்பால மெஷின எடுத்துக்கினு போவட்டும்."

ஆவணி 9, செவ்வாய்

வெயில். ரேஷனில் மண்ணெண்ணெய் இல்லை. நாளைக்கு வரச் சொன்னான். நேற்றும் அதையே சொன்னான்.

மல்லிகா, ராஜம்மா என்று ஒவ்வொரு தடவையும் முழுசாக எழுதினால் கை வலிக்கிறது. இனிமேல் ம., ரா. அவ்வளவுதான். ரயில் பாதையில் கேங் வேலை பார்த்த காலம் பூரா கைநாட்டு. ரிடையர் ஆன பிறகு ம.தான் எழுத்து பழக்கிவிட்டாள். என் எழுத்து அவளுக்கே புரியாது. அதனால் எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

டைக்காரன் போட்ட சட்டம்:
ஜன்னல் சாத்தணும்.
கதவு சாத்தணும்.
ஊதுபத்தி, கொசுவத்தி, சாம்பிராணி கூடாது.
பீடி கூடாது. (என்னைப் பார்த்துச் சொன்னான். நான் விட்டு எத்தனையோ வருஷம்.)

ரா. முதல் வேலையாக மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து கற்பூரம் காட்டினாள். சிவப்பு லைட் எரிந்தது. உர்ரென்று உறுமியது.

"அதுக்குக் கோவம் வந்துடுச்சி" என்று பின்னால் நகர்ந்தாள்.

ம. வேலை எக்ஸ்போர்ட் கம்பெனியில், கட்டிங் பிரிவு. துணியை அடுக்கடுக்காகப் போட்டு மெஷினால் வெட்டும்போது பஞ்சு பறக்கும். இந்த வாரம் நீலத் துணி. துப்பினால்கூட நீலம். டாக்டர் வேலையை விடச் சொல்கிறார். அவருக்கென்ன. ம. சம்பளத்தில்தான் அரிசி.

ஆவணி 11, வியாழன்

விடிகாலையில் குழாயில் தண்ணீர் வந்தது. பிடித்துவிட்டு உள்ளே வந்தால், ம. படுத்துத் தூங்குகிறாள்.

படுத்து. ஒரே தலையணை. எப்போதும் மூன்று தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தபடி தூங்குகிறவள். பயந்துபோனேன். மார்பு ஏறி இறங்குகிறதா என்று குடத்தோடு நின்று பார்த்தேன். கண் விழித்தாள்.

"இன்னாப்பா, அப்டிப் பாக்கற?"

"ஒண்ணும் இல்ல. தண்ணி வந்துச்சி."

ரா.விடம் சொன்னேன். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம வரிக்கும் இப்டியே இருக்கணும் தாயே" என்றாள். ஞாயிறு வரைக்கும் மட்டும்தான் கேட்டாள். எனக்கும் அப்போது அது தப்பாகத் தெரியவில்லை.

பகல் முழுவதும் முன்னால் பெண் பார்க்க வந்து போனவர்கள் ஞாபகம். எழுத்து இல்லாமல் இருந்தவனுக்கு மண்டையைத் தவிர வேறு எங்கே வைக்க இடம்? ஒன்றும் அழியவில்லை. வண்டலூர்க்காரர்கள் வந்தபோது காபித் தட்டோடு இருமினாள். காபி மாப்பிள்ளை வேட்டியில். அரக்குக் கரை வேட்டி. பெருங்களத்தூர்க்காரர்கள் இவளைப் பார்க்கவே இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் இருமலைக் கேட்டுவிட்டு எழுந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் ஒரு வாழைப்பழம் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். வேளச்சேரிக்காரர் வாசலிலேயே கேட்டார், "தாம்பரத்துல டிபி ஆஸ்பத்திரி கீதே, கேக்க வேண்டியதா கீது, பொண்ணுக்கு டிபி கிபி இல்லியே?"

ஆவணி 12, வெள்ளி

புழுக்கம். ஜன்னல் சாத்தினதால் வீடு இட்லிப் பானை. மெஷினை எங்கே வைப்பது என்று சண்டை. மறைக்கணும் என்கிறேன் நான். டிவி பக்கத்தில் எடுப்பாக வைக்கணும் என்கிறாள் ரா. "பாத்தா பெரிய எடம்னு நெனப்பாங்க. கேட்டா கூலர்னு சொல்லு."

ம. சோறு தின்றுகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அங்க போயி இருமினா இன்னாம்மா பண்ணுவாங்க?"

"அங்க போயி இருமினா அவங்க பாடு. தாலி ஏறிட்டா அனுப்பிடுவாங்களா?"

"அனுப்புவாங்க."

"வாய மூடிகினு துன்னு."

ம. என் பக்கம் திரும்பினாள். "நீ இன்னாப்பா சொல்ற?"

குடம் நிரம்பியிருந்தது. இருந்தும் குழாயடிக்குப் போனேன்.

ஆவணி 14, ஞாயிறு

மேகமூட்டம், மழை இல்லை. வந்தார்கள். மாப்பிள்ளை, அவன் அம்மா, தாய்மாமன். மாப்பிள்ளைக்கு ஒயரிங் வேலை. செருப்பை ஜோடியாக ஓரத்தில் விட்டான். பிடித்துவிட்டது எனக்கு.

கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது. தாய்மாமனுக்கு வேர்த்துக் கொட்டுகிறது. "இன்னா மச்சான், ஜன்னல் தொறக்கறதில்லியா?" அதற்குள் மச்சான். மனசுக்குள் குளிர்ந்தது.

"தூசுங்க. பஸ்ஸு லாரி போவுதுல்ல."

"அது இன்னா பெட்டி?"

"கூலருண்ணா" என்றாள் ரா.

எழுந்துபோய் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றி அதன் முன்னால் குனிந்தார். "காத்தே வரலியே?"

"மெதுவாத்தான் வரும்ணா."

வரும் என்று நம்பி நாற்காலியை அதன் எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ம. காபி கொண்டுவந்தாள். கும்பிட்டாள். உட்கார்ந்தாள். அந்தம்மா என்ன சமைப்பே, எத்தனை மணிக்கு ஷிஃப்ட் என்று கேட்டாள். ம. நடுவில் நிற்காமல், மூச்சு வாங்காமல், முழு முழு வாக்கியமாகப் பதில் சொன்னாள். தட்டில் ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்தப் பெட்டி காலில் விழலாம் போல இருந்தது எனக்கு. அப்புறம் ரா. கண் காட்டினாள். ம. அடுப்படிக்குப் போனாள்.

மாப்பிள்ளை மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, இது கூலர் இல்லியே. சேலையூர்ல ஒரு வூட்ல நான்தான் இதுக்கு பிளக் பாயிண்ட் போட்டேன். இளைப்பு கீறவங்க வெக்கறது."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவன், தெரிந்ததைச் சொன்னான். அந்தம்மா கையில் டம்ளர் பாதி வழியில் நின்றது.

"யாருக்குங்க இளைப்பு?"

"எனக்குத்தாம்மா."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். தண்டவாளம் தூக்கின உடம்பு, இன்னும் வற்றவில்லை. நம்பவில்லை. அதனால் இருமிக் காட்டினேன். இல்லாத இருமலை வரவழைத்துப் பழக்கம் இல்லை. என்னமோ மாதிரி வந்தது. சரியாக வரவில்லையே என்று இன்னொரு தடவை. தாய்மாமன் பதறிப்போய், "தண்ணி குடுங்க, தண்ணி குடுங்க" என்றார். அவர் நம்பிவிட்டார் என்ற தைரியத்தில் மூன்றாவது தடவையும்.

அடுப்படியில் ம. சிரித்துவிட்டாள்.

முந்தானையை வாயில் அடைத்திருக்க வேண்டும். அதையும் மீறி வந்தது. அவள் அப்படிச் சிரித்துக் கேட்டே நாளாயிற்று. உள்ளே பஜ்ஜி சுட்ட புகை. சிரிப்பு மேலே போய் அப்படியே இருமலாகத் திரும்பியது. பிறகு வெறும் இருமல். நிற்கவில்லை. பம்ப் சத்தம். மறுபடியும் பம்ப்.

கூடத்தில் மெஷின் மட்டும் ஓடுகிறது. ரா. தரையைப் பார்க்கிறாள். தாய்மாமன் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"போயி லெட்டர் போடறோங்க" என்றாள் அந்தம்மா.

பூ, பழத் தட்டு வைத்தபடியே. மாப்பிள்ளை மட்டும் போகும்போது என் கையைப் பிடித்தான். ஏதோ சொல்ல வந்தான். "ஒயரு சூடாவுது மாமா, தனி பாயிண்ட் போட்டுக்கோங்க" என்றான்.

அவர்கள் தெரு தாண்டின பிறகு ம. கூடத்துக்கு வந்தாள். "எருமை கத்தற மாரி கத்தினியேப்பா." மறுபடி சிரித்தாள். பாதியில் முகம் கோணி, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரா. யாரையும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஆவணி 15, திங்கள்

தூறல். ம. லீவு போட்டாள், சம்பளம் பிடிப்பார்கள். டைக்காரன் சொன்னபடி வந்துவிட்டான்.

மெஷினின் முதுகைத் திறந்து சல்லடையை வெளியே எடுத்து எங்களுக்குக் காட்டினான். அவனுக்குச் சந்தோஷம். "பாருங்க சார், ஒரு வாரத்துல எவ்ளோ! இவ்ளோவும் மேடம் நெஞ்சுக்குள்ள போயிருக்கும்."

சல்லடை பூரா மெத்தை மாதிரி பஞ்சு. நீலம்.

ம. விரலால் கொஞ்சம் கிள்ளித் திரித்துப் பார்த்தாள். "இது எங்க வூட்டுத் தூசு இல்ல சார். கம்பெனித் துணி. தலைல, பொடவைல ஒட்டிக்கினு நான்தான் இட்டாந்திருக்கேன்."

அவன் சல்லடையைத் திருப்பி உள்ளே மாட்டினான். காபியைக் குடித்தான்.

நான் சொன்னேன், "ரா., அந்தச் சங்கிலிய வித்துடலாம்." பேச்சிலும் ரா. என்றே வந்துவிட்டது. "மெஷின் இருக்கட்டும். படுத்துத் தூங்கறா."

"சங்கிலிய வித்துட்டு நாளைக்கு ஒருத்தன் வந்தா இன்னாத்தப் போட்டு அனுப்புவ?"

"எவன் வரப்போறான்?"

சொன்ன பிறகுதான் ம. பக்கத்திலேயே நிற்பது உறைத்தது. டைக்காரன் டம்ளருக்குள் பார்த்தான்.

ம.தான் பேசினாள். மெதுவாக. "எடுத்துக்கினு போங்க சார். ராத்திரிக்கு நல்ல காத்து, பகலுக்குப் பஞ்சு. எதுக்கு அவ்ளோ காசு போட்டு?" அப்புறம் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "எனக்காகவா வாங்கி வெச்சீங்க, அவங்களுக்காகத்தான வெச்சீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன்.

அவன் தவணை உண்டு என்றான். யாரும் கேட்கவில்லை. குங்குமத்தைக் கைக்குட்டையால் துடைத்தான், முழுசாகப் போகவில்லை. ஒயரைச் சுற்றினான். போனான். இந்தத் தடவை மழையில் நனைந்துகொண்டேதான் பெட்டியைத் தூக்கிப் போனான்.

சங்கிலி பீரோவில். யாருக்கு என்று தெரியவில்லை.

ஆவணி 17, புதன்

வெயில். மண்ணெண்ணெய் கிடைத்தது. ஜன்னல் எல்லாம் திறந்தாயிற்று. தலையணை மறுபடி மூன்று. நேற்று ராத்திரி ம. படுக்கவே இல்லை. லெட்டர் வரவில்லை. வராது. தபால்காரர் தெருவில் திரும்பினால் மட்டும் ரா. வாசலுக்குப் போய் எதையோ பெருக்குகிறாள்.

சாயங்காலம் துண்டை நனைத்துப் பிழிந்து வாசலில் நின்றேன். ம. வந்தாள்.

"உள்ள வராத. அங்கயே நில்லு."

"தெருவே பாக்குதுப்பா."

"பாக்கட்டும்."

தலை, தோள், முதுகு என்று துடைத்துவிட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி குனிந்துகொண்டு நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது.

"இன்னிக்கு இன்னா கலரு?"

"மஞ்சள். இந்த மாசம் பூரா மஞ்சதாம்பா."