தம்பியின் பங்குத் தண்ணீர்

அக்டோபர் 4
மிளகாய் வறுத்தாயிற்று. தம்பி ஃபெர்மின் வரவில்லை. எல்லா வருடமும் வறுக்கும் கூண்டைச் சுற்றுவது அவன்தான். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே, "அக்கா, எவன் செத்ததுக்கு நான் இப்படி அழுறேன்?" என்பான். இந்த வருடம் நானே சுற்றினேன்.

அக்டோபர் 19
இன்று வந்தான். அவரைக் குழம்பும் ரொட்டியும் வைத்தேன், தொடவில்லை. அவன் பங்குத் தண்ணீரை நகரத்துக்கு விற்கப் போகிறானாம். நிலம் இங்கேயே கிடக்கும். தண்ணீர் மட்டும் நம் வாய்க்காலுக்குள் திரும்பாமல் ஆற்றோடு போகும். கீழே நகரம் எடுத்துக்கொள்ளும்.

அவன் மனைவி நதீனுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஆல்புகர்க்கி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே ஒரு வீடு வேண்டும்.

"தண்ணிக்கு மட்டும் அவங்க தர்ற காசை, வீடு நிலம் எல்லாம் சேர்த்தே இங்க எவனும் தரமாட்டான் அக்கா."

ஆனால் வாய்க்கால் சங்கம் சம்மதிக்க வேண்டும். கமிட்டியில் மூன்று பேர். நான் ஒருத்தி. கடவுளே, ஏன் ஒத்துக்கொண்டேன் இந்தப் பதவியை?

நவம்பர் 2
கூட்டம். நகரத்து ஆள் விலை போட்ட விதத்தை விளக்கினார். அங்கே வீடுகளும் தொழிற்சாலைகளும் தண்ணீருக்கு எவ்வளவு கட்டும் என்பதிலிருந்து வந்த விலை. கடைமடை ஆர்செனியோ எழுந்தார்.

"ஃபெர்மின் பங்கு போனா வாய்க்கால்ல வேகம் இருக்காது. எங்க வயல் வரைக்கும் வந்து சேராது. அதுக்கும் சேர்த்துத்தான் விலை போட்டீங்களா தம்பி?"

அந்த ஆள் காகிதங்களைப் புரட்டினார். நல்ல பிள்ளைதான், பாவம்.

நவம்பர் 3
வசந்தத்தின் முதல் தண்ணீர் ஞாபகம் வந்தது. நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு மெதுவாக வரும். காய்ந்த வாய்க்காலில் ஃபெர்மின் அதற்கு முன்னால் ஓடுவான், வெறுங்காலோடு, "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று வீடு வீடாகக் கத்திக்கொண்டு. அப்பா சிரிப்பார். எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

நவம்பர் 16
ஓட்டு ஒன்றுக்கு ஒன்று. மிச்சம் நான். வேண்டாம் என்று கை தூக்கினேன்.

ஃபெர்மின் தொப்பியை எடுத்துக்கொண்டான். "கடைமடையில எட்டுக் குடும்பம் இருக்கு. உனக்குத் தம்பி ஒருத்தன்தான்."

நவம்பர் 17
சரியாகத்தான் செய்தேன். — செய்தேனா?

ஜனவரி 22
வீடு, நிலம், தண்ணீர் எல்லாவற்றையும் டென்வர்க்காரி ஒருத்திக்கு விற்றுவிட்டானாம், குறைந்த விலைக்கு. தண்ணீர் நிலத்தோடே இருப்பதால் சங்கத்தின் சம்மதம் வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி பக்கம் ஒரு வாடகை அறையில் இருக்கிறார்களாம். ஆர்செனியோ சொல்லித்தான் எனக்கே தெரிகிறது.

மார்ச் 28
வாய்க்கால் தூர்வாரினோம். பங்குக்கு ஓர் ஆள் வர வேண்டும். வர முடியாதவர் கூலிக்கு ஆள் அனுப்பலாம். ஆளாளுக்கு வெட்ட வேண்டிய நீளத்தைக் கோலால் அளந்து விடும் வேலை இந்த வருடம் என்னுடையது. டென்வர்க்காரி அனுப்பிய கூலியாள் மண்வெட்டியோடு நின்றான். ஃபெர்மின்.

"எனக்கு எதுவரைக்கும், அம்மா?" என்றான். அக்கா என்று சொல்லவில்லை.

அப்பாவின் வயலை ஒட்டிய கரை அது. ஒரு கோல் குறைத்துவிடலாமா என்று தோன்றியது. குறைக்கவில்லை, எல்லோருக்கும் போலத்தான் அளந்தேன். சுத்தமாக வெட்டினான். கூலியை வாங்கிக்கொண்டு, சாப்பாட்டுக்கு உட்காராமல் போய்விட்டான்.

மாலையில் தண்ணீர் விட்டோம். கடைமடை வரை போய்ச் சேர்ந்தது.