ஒரு மடக்குத் தண்ணீர்

சகலை,

இதை எழுதும்போது எதிரே மேசையில் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கிறது. பாதி குடித்தது. மீதியைக் குடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் குடிக்கவே யோசிக்கிற ஆளை நீ சும்மா விட்டிருக்கமாட்டாய்.

போன வாரம் திருப்பதியில் டாக்டர் இப்படித்தான் ஒரு டம்ளரைக் கையில் கொடுத்தார். வாயில் வைத்துக்கொள்ளுங்கள், சொல்லும்போது விழுங்குங்கள் என்றார். கண்ணை என் கழுத்திலேயே வைத்திருந்தார். தைராய்டில் வரும் கட்டி விழுங்கும்போது ஏறி இறங்கும். அதை நான் உன் கழுத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

சவரம் செய்யும்போது உன் கைக்குத் தட்டுப்பட்டது அது. பங்காருபாளையத்தில் உன் மாங்காய் மண்டிக்கு வரத்து உச்சத்தில் இருந்த சமயம். உனக்கு ஆஸ்பத்திரிக்கு வர மனமில்லை. உன் மனைவியும் அவள் அக்காவான என் மனைவியும் சேர்ந்துதான் உன்னை இழுத்துவந்தார்கள். ஊசி குத்தி எடுத்த சோதனையில் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியவில்லை. பாதிச் சுரப்பியை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். "அறுத்துப் பாத்தா எனக்குந்தான் தெரியும். அறுத்த காய எவன் வாங்குவான்?" என்று அங்கேயே கேட்டாய். டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கு முன்பு எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் என்று ஒரு வகைப் படம் எடுக்கலாம், முடிவாகச் சொல்லாது, ஓரளவு காட்டும் என்றார்.

வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாய். கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் நான்தானே. உடம்பிலுள்ள தண்ணீர் ஓரிடத்தில் நிற்காமல் அலைந்துகொண்டே இருக்கும், செல்கள் நெருக்கியடித்த இடத்தில் அலைய வழியிருக்காது, அந்த அலைச்சலைத்தான் அளக்கிறார்கள் என்றேன். விழித்தாய். திருமலையில் தரிசனத்துக்குக் கம்பார்ட்மென்டில் அடைத்துவைத்தால் நகர முடியுமா, அதே ஆள் கூட்டமில்லாத நாளில் காணிப்பாக்கம் பிராகாரத்தை எப்படிச் சுற்றுவான் என்று கேட்டேன். புற்றுக்கட்டி பெரும்பாலும் கம்பார்ட்மென்ட். சாதாரணக் கட்டி பெரும்பாலும் பிராகாரம் என்றேன்.

"எல்லாத்துக்கும் பெரும்பாலும், பெரும்பாலும்னு சொல்லிகினு. பொண்ணு பாக்கப் போனப்பவே பெரும்பாலும் சம்மதம்னு சொன்ன ஆளுதான நீ?" என்றாய். பிறகு குரல் இறங்கிப்போய்க் கேட்டாய்: "எடம் இருக்குதான்னு மெசின் சொல்லும். ஆளு இருப்பானான்னு சொல்லுமா, வாத்தியாரே?"



அலைச்சல் குறைவு என்றுதான் ரிப்போர்ட் வந்தது. ஆபரேஷன் முடிந்து பார்த்ததில் புற்றுதான். இயந்திரம் பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்குள் அது உன் முதுகெலும்புக்குப் போயிருந்தது. சரியாகத் தெரிந்துகொண்டதால் உனக்கு ஒரு பயனும் இல்லை.

ஆபரேஷனுக்கு முந்தைய நாட்களில் எங்கள் சித்தூர் வீட்டில்தான் இருந்தாய். நீ டம்ளரைத் தூக்கினாலே பெண்கள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு உன் கழுத்தைப் பார்ப்பார்கள். "இன்னா, சினிமாவா ஓடுது?" என்று கேட்டுவிட்டு வேண்டுமென்றே இன்னொரு மடக்குக் குடிப்பாய்.

எனக்கும் ஊசிச் சோதனையில் நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. இன்று அந்தப் படம் எடுத்தார்கள். இயந்திரத்துக்குள் இருக்கும்போது விழுங்கக் கூடாது, அசைந்தால் படம் கலைந்துவிடும் என்றார்கள். எச்சில் ஊறியது, வாயிலேயே அடக்கிவைத்தேன். சொன்னபடி கேட்பது ஒன்றுதான் எனக்குச் சரியாக வரும். உன் ரிப்போர்ட்டில் இருந்த அலைச்சல் அளவு எனக்கு மனப்பாடம். என்னுடையது அதைவிடச் சற்றுக் கீழே, அதாவது இன்னும் நெருக்கம். அது அதே இயந்திரமா, இரண்டையும் ஒப்பிடுவது முறையா என்று பஸ் சித்தூர் வந்து சேரும்வரை எனக்கு நானே ஆட்சேபம் எழுப்பிக்கொண்டிருந்தேன். எந்த ஆட்சேபமும் நிற்கவில்லை.

நீ போனபின் உன் மனைவி எங்களோடுதான் இருக்கிறாள். திருப்பதிக்கு இரண்டு முறையும் பென்ஷன் வேலை என்று சொல்லித்தான் போனேன். இன்று வந்து உட்கார்ந்ததும் அவள் தண்ணீர் கொண்டுவந்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிக் குடித்தேன். சில நாட்களாக அப்படித்தான் குடிக்கிறேன். ஒருவன் தண்ணீர் குடித்தால் எங்கே பார்க்க வேண்டும் என்று இந்த வீட்டில் இருவருக்கும் தெரியும்.

அவள் நகரவில்லை. "இந்தப் பக்கம் திரும்புங்க மாமா" என்றாள்.

திரும்பினேன். வாயில் தண்ணீரை அப்படியே வைத்திருந்தேன்.

"முழுங்குங்க."

விழுங்கினேன். பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். சமையலறையில் இருவரும் நாளைக்கு வாங்கவேண்டிய காய்கறியைப் பற்றிப் பேசுவது கேட்கிறது. அக்காவிடம் அவள் சொல்லவில்லை. சொல்வதை எனக்கென்று விட்டுவைத்திருக்கிறாள்.

ஆள் இருப்பானா என்று நீ கேட்ட கேள்வி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பதில் கிடைக்கும் என்று தோன்றவில்லை. என் மனைவியிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று இவ்வளவு நேரம் தேடிப்பார்த்துவிட்டேன், அகப்படவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறேன். மீதித் தண்ணீரை அவள் எதிரில் நின்று குடித்துவிட வேண்டும்.