பாயிண்ட் நாலு வலி

என் உயிரான அண்ணா,

நீ போய் ஒன்றரை மாதம் ஆகிறது. திண்டிவனம் வீட்டில் உன் மேசையை அண்ணி இன்னும் ஒதுக்கவில்லை. நாம் சேர்ந்து எழுதிய கட்டுரையை விழுப்புரத்தில் நான் தனியாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

ஃபஸி லாஜிக்கைக் கட்டிக்கொண்டு அழுதவர்கள் நாம். ஒரு கூற்று உண்மை, பொய் என்று இரண்டில் ஒன்றாக நிற்காமல், பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே எந்த மதிப்பும் பெறலாம் என்கிற தர்க்கம். அந்தக் கிறுக்கு வீட்டுப் பேச்சுக்கும் வந்துவிட்டது. பசிக்கிறதா என்றால் பாயிண்ட் ஆறு என்போம். பாதிக்குக் கீழே இருந்தால் கண்டுகொள்ளத் தேவையில்லை என்பது நம் சட்டம். "உங்க ரெண்டு பேரு கூடவும் ஒரே பேஜாரு" என்று அண்ணி தலையில் அடித்துக்கொள்வார்.

நீ போன அன்று காலை அண்ணி திருவக்கரை கோயிலுக்குப் போயிருந்தார். நீ எனக்கு போன் செய்தாய்.

"நெஞ்சு ஒரு மாதிரி வலிக்குது பாப்பா."

"எவ்ளோ?"

கொஞ்சம் யோசித்தாய். "பாயிண்ட் நாலு."

"அப்ப வாயுதான். சோடா குடி. அந்த மூணாம் பக்கம் எனக்குப் புரியலண்ணா, ஜல்தியா சொல்லிட்டுப் படுத்துக்கோ."

பாவி, நான் கேட்டேன்! நீயும் மூச்சு வாங்கிக்கொண்டே பத்து நிமிடம் சொன்னாய். "அந்தப் பக்கத்துல இருக்கற கூற்று முழு உண்மைதான் பாப்பா. ஆனா எந்த ஒரு நிரூபணமும் அந்த முழு ஒன்னைத் தொடாது. பாயிண்ட் ஒம்பது, அப்பறம் இன்னும் கொஞ்சம், கிட்டக் கிட்ட போய்க்கினே இருக்கும்."

அண்ணி திரும்பி வந்தபோது நீ நாற்காலியிலேயே போயிருந்தாய்.

உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாயா? டாக்டரிடம் கேட்டேன். "அத யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார். எந்தெந்தக் கூற்று முழு உண்மை என்று தீர்த்துச் சொல்லும் வழிமுறை இந்தத் தர்க்கத்தில் இருக்கவே முடியாது என்று நாம்தானே எழுதினோம்? எழுதும்போது சந்தோஷமாக இருந்தது. இப்போது தினமும் என் குற்றத்துக்கு ஒரு நிரூபணம் எழுதுகிறேன். நேற்றையதைவிட இன்றையது பலமாக இருக்கிறது. முடியத்தான் மாட்டேன் என்கிறது.

கருமாதியன்று அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கிட்டதான கடைசியா பேசினாரு, வலிக்குதுன்னு ஏதாவது சொன்னாராம்மா? நான் கோயிலுக்குப் போயிருக்கக் கூடாது."

"இல்லண்ணி, நல்லாத்தான் பேசினாரு" என்றேன். அன்றிலிருந்து அவர் விளக்கேற்றுவதில்லை, சாமி பெயரைச் சொல்வதில்லை. தன்னைத்தான் திட்டிக்கொள்கிறார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் திண்டிவனம் போகிறேன். நீ வலிக்கிறது என்று சொன்னாய், நான் பொருட்படுத்தவில்லை என்று அண்ணியிடம் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கதவு எனக்குத் திறக்காமல் போனாலும் சொல்வேன், அண்ணா. இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
பாப்பா