முள்ளுப் பாருக்கு வெளியே போட்ட கோடு

புன்னைக்காயல்
சனிக்கிழமை

பாசமுள்ள ஷீஜா அக்காவுக்கு,

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல ஜெஸ்மி எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் இன்றைய தேதிவரை நாங்கள் நான்கு பேரும் சுகம். இன்றைய தேதிவரை என்று அம்மாதான் போடச் சொன்னாள். உன் சளி விட்டதா, பெங்களூர்க் குளிரில் தலைக்குக் குளித்து ஈரத்தோடு ஆபீஸ் போகாதே, காலையில் வெறும் காப்பியைக் குடித்துவிட்டு ஓடாதே என்கிறாள். நாசரேத்து கிருபாபாய் டீச்சர் நாளை ரயிலில் அங்கே மகன் வீட்டுக்கு வருகிறார். இந்தக் கடிதத்தையும் சீலாக் கருவாட்டையும் அவர் கையில் கொடுத்துவிடுகிறோம், திங்கட்கிழமை காலையில் உன்னிடம் சேர்த்துவிடுவார். கருவாட்டை அப்புறம் பிரி, முதலில் இதை முழுவதும் வாசி.

எனக்கு இறால் கம்பெனியில் வேலை இருக்கிறது, உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போய்விட்டது, வேறு குறை இல்லை. பெவின் அண்ணன் அப்பாவோடு வள்ளத்துக்குப் போகிறான், மீன்பாடு மோசம், வலை நனைந்த கூலிக்குக்கூட மீன் ஏறவில்லை. உனக்கு மணப்பாட்டிலிருந்து ஒரு சம்பந்தம் கேட்டு வந்தார்கள். அப்பா மாப்பிள்ளை போட்டோவைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை, எம்மவ ராக்கெட்டுக்காரி, அவகிட்டக் கேக்காம நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார். நீ ராக்கெட் செய்யவில்லை, பிள்ளைகளுக்கு ராக்கெட்டைப் பற்றிப் படித்துக்கொடுக்கிற கேம்தான் செய்கிறாய் என்று அம்மா எத்தனை முறை சொன்னாலும், ஏளா, ரெண்டும் ஒண்ணுதான், தெரியாமலா சொல்லிக்கொடுப்பா என்று அவள் வாயை அடைத்துவிடுகிறார். இப்போதெல்லாம் அந்தப் பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து உள்ளே போய்விடுகிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ அனுப்பிய கேமை டீச்சர் வகுப்பில் போட்டுக் காட்டினார். ராக்கெட் எத்தனை துண்டாகக் கழலும், எது முதலில் கடலில் விழும், காற்று அடித்தால் ஏன் நிறுத்திவைக்கிறார்கள் என்று இந்தத் தெருப் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறார்கள். அது நல்லதுதான் அக்கா, அதில் உனக்குப் பெருமைதான். ஆனால் பெரியவர்களும் விளையாடுகிறார்கள். அந்தக் கடல் கட்டம் இருக்கிறதே, ராக்கெட் கிளம்புவதற்கு முன்னால் படகுகளைச் சிவப்பிலிருந்து பச்சைக்குத் துரத்துகிற இடம், அதைத்தான் மீன் ஏலக்கூடத்தில் உட்கார்ந்து எல்லாரும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். நீ அப்பாவிடம் போனில் கேட்டுக் கேட்டு நம் கடலுக்கடியில் கிடக்கிற பாறைத் திட்டுகளுக்கெல்லாம் அவர் சொன்ன பெயரையே போட்டாய் அல்லவா, முள்ளுப் பார் என்று தமிழில் எழுதியிருப்பதைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறார் அப்பா. அது பச்சையில் இருக்கிறது. சிவப்புக் கோடு அதற்கு வெளியே போகிறது.

வருகிற புதன்கிழமை குலசைப் பக்கமிருந்து ராக்கெட் விடுகிறார்கள். யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்று ஏலக்கூடத்துச் சுவரில் தாள் ஒட்டியிருக்கிறது, ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள், கோயிலில் பங்குச் சாமியாரும் வாசித்தார். பெவின் அண்ணன் அந்தத் தாளில் உள்ள எண்களை ஜிபிஎஸ் பெட்டியில் போட்டுப் பார்த்தான், முள்ளுப் பாரும் அதற்கு இந்தப் பக்கம் வெகுதூரமும் போகக் கூடாத எல்லைக்குள்ளேதான் வருகிறது. அதைக் காட்டினால் அப்பா சிரிக்கிறார். அவனுவ பயந்துபோய் பெருசாத்தாம்ல போடுவானுவ, எம்மவ அந்த லைன்லயே வேல பாக்கா, உள்ளதை உள்ளபடி போட்டுருக்கா என்கிறார். இரண்டு நாள் அவர் இப்படிப் பேசியதில் பெவின் அண்ணனும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டான். ஊரே கரையில் கிடக்கும்போது பாரில் மீன் கலையாமல் கிடக்கும், அன்றைக்குக் கொண்டுவருகிறவன் சொன்னதுதான் விலை என்று தெருவில் இன்னும் சில வள்ளக்காரர்களையும் சேர்த்துவிட்டார்கள். ஷீஜா போட்ட கோடு என்றே எல்லாரும் சொல்கிறார்கள்.

நீ கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னாய். முதலில் சிவப்பை உண்மையில் உள்ள அளவுக்குப் பெரிதாகத்தான் போட்டேன், பிள்ளைகள் படகுகளை வெளியே கொண்டுபோக முடியாமல் தோற்றுத் தோற்றுப் பாதியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், அதனால் ஜெயிக்கிற மாதிரி சுருக்கிவிட்டேன் என்றாய். இதை நான் அப்பாவிடம் சொன்னேன் அக்கா. என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை, உனக்குத்தான் தெரியுமே. பெவின் அண்ணன், ஏளா, ஒம்பதாம் கிளாஸ்ல நின்னவ ராக்கெட்டுக்குப் பாடம் எடுக்கா பாரு என்றான், எல்லாரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். உள்ளே வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிந்துகொண்டிருந்த மீனை அப்படியே வைத்துவிட்டாள்.

அம்மா உனக்குப் போன் செய்தாள், நீ மீட்டிங்கில் இருந்தாய். யாராவது கேமைப் பார்த்துக் கடலுக்குப் போவார்களா அம்மா என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். உன்மேல் கோபம் இல்லை என்று எழுதச் சொல்கிறாள். வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் அப்பா சட்டைப்பையில், அவர் பக்கத்தில் நிற்கும்போது அவள் எப்படி விளக்கிச் சொல்வாள். வேறு யார் போனிலாவது பேசினால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். இன்னும் ஒன்று. போன தடவை ராக்கெட் விட்ட மறுவாரம் முள்ளுப் பார் ஓரத்தில் நம் வலையில் ஒரு தகடு ஏறியது. ஒரு கை நீளம் இருக்கும், வளைந்து, ஒரு பக்கம் கருகி, துருவே இல்லாமல். கப்பலில் இருந்து விழுந்தது என்றார் அப்பா. பெவின் அண்ணன் அதைத் தட்டி நிமிர்த்தி ஐஸ் பெட்டிக்கு மூடியாக்கிவிட்டான். அம்மா அதைத் தொடுவதே இல்லை. மூடி வேண்டியிருந்தால் என்னைத்தான் எடுக்கச் சொல்கிறாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலமே கிளம்பிப் போய்ப் பாரில் நங்கூரம் போட்டுக் கிடப்பதாகத் திட்டம். புதன்கிழமை விடிந்தபிறகு போனால் கரையிலேயே மறித்துவிடுவார்களாம். அங்கே போய்விட்டால் போனில் சிக்னல் கிடையாது. டீசல் வாங்கி வைத்தாயிற்று. சாமியாரிடம் சொல்லலாம் என்றேன், நம் வீட்டு ஆளை நாமே காட்டிக்கொடுக்கவா, உன் அப்பா வேறு துறையில் போய் வள்ளத்தை இறக்குவார், அவர் யார் சொன்னாலும் நிற்கமாட்டார், ஷீஜா சொன்னால் நிற்பார் என்கிறாள் அம்மா.

அதனால் நீ அப்பாவுக்குப் போன் செய். அது விளையாட்டுக்குப் போட்ட கோடுப்பா என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஏறாது, உனக்கு மேலே உள்ளவன் சொல்லச் சொன்னான் என்று நினைத்துக்கொள்வார். முள்ளுப் பார் சிவப்பில்தான் வரும், எனக்குத் தெரிந்தேதான் வெளியே தள்ளிப் போட்டேன், தப்பாகப் போட்டேன் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். ஊர் முழுக்க ராக்கெட்டுக்காரி என்று சொல்லித் திரிந்த மனிதர், மற்ற வள்ளக்காரர்களிடம் போய் என் மகள் போட்டது தப்பு என்று அவரே சொல்ல வேண்டி வரும். உன்னோடு நாள்கணக்கில் பேசமாட்டார். அந்தக் கேமையும் உடனே மாற்று, பிள்ளைகள் தோற்றால் தோற்கட்டும்.

ஞானமும் சுகமும் குறையாமல் மாதா உன்னை நடத்தட்டும் என்று அம்மா உன் தலையில் கை வைத்ததாக நினைத்துக்கொள்ளச் சொல்கிறாள். மறந்துவிடாதே, செவ்வாய் மத்தியானத்துக்குள். அவர் உன்மேல் கோபப்பட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்ளட்டும், சோறு வேண்டாம் என்று சொல்லட்டும், புதன்கிழமை முழுக்க அப்படியே வீட்டில் கிடக்கட்டும், எனக்கு அது போதும் என்கிறாள்.

அம்மா சொல்ல எழுதிய
உன் தங்கை ஜெஸ்மி