சிரிச்சு முடிச்சிட்டு ரன் பண்ணு

இன்று காலை ஒரு பழைய ஃபைலைத் திறந்தேன். மருத்துவமனையின் நோயாளிப் பதிவுகளைச் சரிபார்க்க நாம் இருவரும் எழுதி வைத்த கட்டளைகள் உள்ள ஃபைல். முதல் வரியிலேயே நீ இருந்தாய். ஆங்கில எழுத்தில் நீ தட்டி வைத்த தமிழ்.

"ஏட்டி, இது லைவ். சிரிச்சு முடிச்சிட்டு ரன் பண்ணு."

கம்ப்யூட்டர் அந்த வரியைப் படிக்காது, தாண்டிப் போய்விடும். அது எனக்காக எழுதியது. கீழே கோடவுனில் சுக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காரமான தூசு மாடிப்படி ஏறி வந்து பக்கத்து மேஜை ஷமீரைத் தும்ம வைத்தது. நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் பேசிப் பழகியதுதான் என் தமிழ். பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மலையாளம். இவ்வளவு நீளமாகத் தமிழில் யாருக்கும் நான் எழுதியதில்லை. ரகரமும் றகரமும் இடம் மாறியிருந்தால் பொறுத்துக்கொள். நீ இருந்தால் பொறுத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும்.

உன் கணவருக்கு வல்லார்பாடம் துறைமுகத்தில் கிரேன் இயக்கும் வேலை கிடைத்து, அம்பாசமுத்திரத்திலிருந்து நீயும் கூட வந்தவள். மட்டாஞ்சேரியில், மசாலாக் கிடங்குக்கு மேலே இருக்கிற இந்த இரண்டாம் மாடி ஆபீசில் நீ சேர்ந்த முதல் நாள், முதலாளி பிஜு சார் நம்மை அறிமுகப்படுத்தினார். "இதும் தமிழ், அதும் தமிழ். நிங்கள் சம்சாரிச்சோ" என்று நம்மைப் பேசவிட்டார். நீ என்னைப் பார்த்து, "இவ பேசுறது தமிழாட்டி?" என்று காற்றைக் கேட்பது போலக் கேட்டாய். அன்று ஆரம்பித்தது.

ஆறு பேர் ஆபீஸ். பல ஆயிரம் மனிதர்களின் பெயர், வயது, நோய், மருந்து எல்லாம் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நாம் காவல். நாள் முழுக்க ஒரே மாதிரி வேலை. அந்த அலுப்பில் நம் கேலி முழுக்க டேட்டாபேஸ் மொழியிலேயே ஆகிப் போனது. எதைக் கேட்டாலும் ஷமீர் யோசித்து யோசித்துத்தான் பதில் சொல்வான். "பாவம், இவனுக்கு இன்டெக்ஸ் இல்ல. எதைக் கேட்டாலும் முதல் பக்கத்துல இருந்து தேடுவான்" என்பாய். எனக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தபோது நீ சொன்னதை ஷமீர் இப்போதும் சொல்லிச் சிரிக்கிறான். "நிபந்தனை போட மறந்துராத ஜெயா. யாருன்னு சொல்லாம கமாண்ட் குடுத்தா டேபிள்ல இருக்கவன் அத்தனை பேரும் வாசல்ல வந்து நிப்பான்."

நானும் விட்டதில்லை. "நீ மலையாளம் பறஞ்சா கேக்கறவளுக்கு சர்வர் டவுன் ஆயிடும், கேட்டியா" என்பேன். உண்மைதான். நான்கு வருஷத்தில் ஒரு மலையாள வாக்கியத்தை நீ நேராகத் தொடங்கி நேராக முடித்து நான் கேட்டதில்லை.

அந்தப் புதன்கிழமை வரைக்கும்.

ஜூன் மழை. மணி பத்தேகால். என் திரையில் இரண்டு ஜன்னல்கள் பக்கம் பக்கமாகத் திறந்திருந்தன. ஒன்று சோதனைக்கான பிரதி. அதில் நாம் உண்டாக்கிய ஐம்பது பொய் நோயாளிகள். இன்னொன்று லைவ், எர்ணாகுளத்து மருத்துவமனை அந்த நிமிஷம் பயன்படுத்திக்கொண்டிருந்த உண்மையான பதிவு. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எந்த மருந்து யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்ற பத்தியைச் சோதனைப் பிரதியில் காலி செய்துவிட்டு, புதிதாக நிரப்பிப் பார்ப்பது என் வேலை. கட்டளையைத் தட்டி முடித்திருந்தேன்.

பிஜு சார் முந்தின நாள் தன் கல்யாண நாளை மறந்துவிட்டார் என்று ஆபீசே பேசிக்கொண்டிருந்தது. நீ உன் நாற்காலியை என் பக்கம் உருட்டிக்கொண்டு வந்து குரலைத் தாழ்த்தினாய். "வீட்டுல சாருக்கு ரீட் ஒன்லி போட்டுட்டாங்களாம். பாக்கலாம். ஒண்ணையும் தொட முடியாது."

எனக்குச் சிரிப்பு வெடித்தது. சிரித்துக்கொண்டே எண்டரைத் தட்டினேன்.

மாறிய பதிவுகளின் எண்ணிக்கை திரையில் வந்தது. ஐம்பது வர வேண்டிய இடத்தில் ஐந்து இலக்க எண் நின்றது.

சிரிப்பு என் வாயில் அப்படியே நின்றுவிட்டது. நீ என் முகத்தைப் பார்த்தாய், திரையைப் பார்த்தாய், ஜன்னலின் தலைப்பைப் படித்தாய். "லைவ்" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

நம் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது அந்தப் பச்சைப் பட்டை. வார்டில் நர்ஸ் ஊசி போடுவதற்கு முன் நோயாளியின் பெயரைத் தட்டினால், ஒத்துக்கொள்ளாத மருந்து சிவப்புப் பட்டையில் தெரியும். அந்த இடம் காலியாக இருந்தால் பச்சையில் 'ஒவ்வாமை இல்லை' என்று வரும். அப்படி அமைத்துக் கொடுத்ததே நாம்தான். அந்த நிமிஷத்திலிருந்து அந்த மருத்துவமனையில் படுத்திருந்த ஒவ்வொருவருக்கும் திரை பச்சையாகிவிட்டது. யாருக்கு எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று அது சொல்லிக்கொண்டிருந்தது.

நீ எழுந்து பிஜு சாரிடம் போனாய். நான் உன் பின்னால் வந்தேன். சார் கேட்டார், வெளுத்தார், பிறகு வேகமாகப் பேசினார். "நேத்தைய பேக்கப் உண்டல்லோ? ஒரு மணிக்கூர் மதி. ஷமீர் இப்போ தொடங்கட்டும். சரியாகும். ஆரும் அறியண்டா."

"அந்த ஒரு மணி நேரத்துல ஊசி போடுவாங்க சார்."

"நர்ஸ் ரோகியோடு கேட்டிட்டே போடுவாங்க. நீ போன் விளிச்சா நம்மள் இந்த ஹாஸ்பிடலை இழக்கும். ஆறு பேர்ட ஜோலியாக்கும்."

அவர் கெட்டவர் இல்லை என்று உனக்கும் தெரியும். பயந்துபோயிருந்தார். நானும் அவர் சொன்னதே நடக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டு நின்றேன். இதை உன்னிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. ஒரு மணி நேரம், யாருக்கும் தெரியாமல், எல்லாம் பழையபடி ஆகிவிடட்டும் என்று. வார்டில் இருந்தவர்களைவிட என்னைப் பற்றித்தான் நான் அதிகம் நினைத்தேன்.

நீ சார் மேஜையிலேயே இருந்த போனை எடுத்தாய். அவர், "வேண்டா, பறஞ்சது கேளு" என்று கை நீட்டினார். நீ அரை வட்டமாகத் திரும்பி அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எண்ணை அழுத்தினாய். மறுமுனையில் நர்சுகளுக்கெல்லாம் மேலே இருக்கிற சிஸ்டர் லில்லி.

"சிஸ்டரே, ஸ்கிரீன்ல அலர்ஜி இல்லா எந்நு காணும். அது தெற்றாணு. எல்லாருக்கும் தெற்றாணு. விஸ்வசிக்கருது. பேப்பர் ஃபைல் நோக்காதெ ஆர்க்கும் ஒந்நும் கொடுக்கருது. எல்லா வார்டிலும் இப்போ பறயணும். இப்போ."

திரையை நம்பாதீர்கள், பேப்பர் ஃபைலைப் பார்க்காமல் யாருக்கும் எதுவும் கொடுக்காதீர்கள் என்று அவ்வளவு நேரான மலையாளம். ஒரு சொல் தடுக்கவில்லை. போனை வைத்துவிட்டு சாரிடம், "இனி ரீஸ்டோர் பண்ணலாம் சார்" என்றாய்.

அதன்பிறகான ஒன்றேகால் மணி நேரத்தைச் சொல்லி முடியாது. முந்தின நாள் பிரதியைத் தனி சர்வரில் விரித்து, அந்த ஒரு பத்தியை மட்டும் எடுத்து லைவில் திரும்ப வைக்க வேண்டும். அவசரத்தில் இன்னொன்றைக் கெடுத்துவிடக் கூடாது. ஒவ்வொரு கட்டளையையும் ஷமீர் உரக்கப் படித்தான், நீ திரையைப் பார்த்து ஆமோதித்தாய், பிறகுதான் எண்டர். யாரும் எதையும் கேலி செய்யவில்லை. மழைச் சத்தமும் கீழே மூட்டையைக் கொக்கியால் இழுக்கும் சத்தமும்தான் கேட்டன. அன்று காலை புதிதாகச் சேர்ந்த பதினோரு பேரின் விவரம் பேக்கப்பில் இல்லை. அதைப் போனில் ஒவ்வொன்றாகக் கேட்டு என்னை நிரப்பச் சொன்னாய். என் விரல்களை நம்பாமல் நான் ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை படித்தேன். பதினொன்றே முக்காலுக்குச் சிவப்புப் பட்டைகள் திரும்பி வந்தன.

மறுநாள் காலை நம் மூவரையும் மருத்துவமனைக்கு வரச் சொன்னார்கள். நீ, நான், பிஜு சார். சிஸ்டர் லில்லி மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இது செய்தது ஆராணு?"

சார் தரையைப் பார்த்தார். நீ பேசுவாய் என்று நான் காத்திருந்தேன். நீதான் மூத்தவள் மாதிரி எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பாய், 'எங்க எல்லார் தப்பும்தான் சிஸ்டர்' என்று ஏதாவது சொல்லி என்னை மூடிவிடுவாய் என்று. நீ வாயைத் திறக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. அந்த மௌனத்தின் ஒவ்வொரு விநாடியிலும் உன்னை வெறுத்தேன்.

"ஞான்" என்றேன்.

அப்போதுதான் நீ பேசினாய். "அப்போ அவளோட வர்த்தமானம் பறஞ்சு சிரிப்பிச்சது ஞானாணு சிஸ்டர்." அவளிடம் பேச்சுக் கொடுத்துச் சிரிக்க வைத்தது யார் என்று அந்த அறையில் யாரும் உன்னிடம் கேட்கவில்லை.

சிஸ்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். மூன்றாம் மாடியில் கும்பளங்கிக்காரி ஒரு அம்மா. பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. மகள் சாயா வாங்கக் கீழே போயிருந்தாள். பச்சையைப் பார்த்துவிட்டு நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றிக் கையில் பிடித்திருந்தாள். அந்த மருந்து அந்த அம்மாவுக்கு ஆகவே ஆகாது. உன் போன் வந்ததால்தான் ஊசி இறங்கவில்லை. "ஆ அம்மயோடு சோதிச்சாலும் அவர்க்கு பறயான் பற்றில்லல்லோ" என்றார். கேட்டாலும் சொல்ல அவருக்கு வாய் இல்லை.

திரும்பும்போது படகில் நாம் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தோம். பிஜு சார் தள்ளி, தனியாக. மட்டாஞ்சேரி படகுத்துறை கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் நான் கேட்டேன். "எனக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நான் கெஞ்சி நின்னது உனக்கு மனசிலாகலியா?"

"மனசிலாச்சு" என்றாய். "நான் சொன்னா அது உன்னைக் காட்டிக் குடுத்ததா ஆயிரும், இல்லன்னா ஒளிச்சு வச்சதா ஆயிரும். ரெண்டும் உனக்கு வேண்டாம் ஜெயா."

எனக்கு அது புரியவில்லை. புரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. அந்த மருத்துவமனை நம்மை விட்டுப் போகவில்லை. ஆனால் மூன்று வாரம் நான் லைவைத் தொடக் கூடாது என்றார்கள். அந்த மூன்று வாரமும் உன்னிடம் வேலையைத் தவிர ஒரு சொல் பேசவில்லை. நீயும் வலிய வரவில்லை. கேலி இல்லாத ஆபீஸ் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. ஷமீர்கூடச் சொன்னான், "நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டாலும் சரி, என்னத்தையாவது பறயுங்க."

நாலாவது வாரம் திங்கட்கிழமை எனக்கு அனுமதி திரும்பக் கிடைத்தது. ஃபைலைத் திறந்தேன். முதல் வரியில் அது இருந்தது. ஏட்டி, இது லைவ். சிரிச்சு முடிச்சிட்டு ரன் பண்ணு. நான் வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. நீ உன் திரையிலிருந்து திரும்பாமலே கேட்டாய்.

"சிரிச்சு முடிச்சாச்சா?"

"இல்ல."

"அப்போ காத்திரு. எனக்கென்ன அவசரம்."

அதன்பிறகு ஒரு மழைக்காலம் முழுக்கவும், அடுத்த மழைக்காலத்தில் பாதியும் நீ இருந்தாய். சாலையில் தேங்கிய தண்ணீரில் நடந்து ஆபீஸ் வந்தாய். காய்ச்சல் என்றாய், சாதாரணக் காய்ச்சல் என்று இரண்டு நாள் அதையும் கேலி செய்தாய். எலிக்காய்ச்சல் என்று கண்டுபிடித்தபோது சிறுநீரகம் நின்றுவிட்டிருந்தது. ஆறாம் நாள் உன் உடலை ஊருக்குக் கொண்டுபோனார்கள். நான் அம்பாசமுத்திரத்தை முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

ஒரு மாதம் கழித்து உன் மேஜையில் இருந்ததை எடுத்துப்போக உன் கணவர் ஆபீசுக்கு வந்தார். அவருக்கு சாயா போட்டுக் கொடுத்துவிட்டு, என்ன பேசுவதென்று தெரியாமல் அந்தப் புதன்கிழமையைச் சொன்னேன். உங்கள் மனைவி மாதிரி தைரியமான ஒருத்தியை நான் பார்த்ததில்லை என்றேன்.

அவர் கண்ணாடி கிளாசைக் கீழே வைத்தார்.

"தைரியமா?" என்றார். "அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவ டம்ளரைப் பிடிக்க முடியலம்மா. கை அந்த ஆட்டம் ஆடுது. நான்தான் பிடிச்சுக் குடிக்க வச்சேன். போன் பண்ணும்போதே இப்படித்தான் இருந்துச்சுன்னா. யாரும் பாத்துரக் கூடாதுன்னு திரும்பி நின்னுக்கிட்டாளாம்."

நீ சாருக்கு முதுகைக் காட்டியது அவர் போனைப் பிடுங்காமல் இருப்பதற்காக என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

இப்போது உன் வேலையை நான் பார்க்கிறேன். போன மாதம் ஒரு கிளினிக்கின் பதிவில் தவறு நடந்தது. சின்னதுதான், செய்தவன் ஷமீர். அவன் பெயரை நான் சொல்லவில்லை, அவனே சொல்வான் என்று விட்டேன், சொன்னான். ஆனால் அதற்கு முன்னால் கிளினிக்குக்கு உடனே தெரிய வேண்டும். அதை நான்தான் செய்ய வேண்டும். போனை எடுத்தபோது என் கை ஆடியது. அடங்கட்டும் என்று காத்திருந்தால் அடங்காது என்று எனக்குத் தெரியும். எல்லோருக்கும் முன்னால், திரும்பி நிற்காமல், ஆடுகிற கையாலேயே எண்ணை அழுத்தினேன்.