சிக்குமா ஆற்றின் எண்பது வருடக் கொடி

4 மார்ச் 2025, செவ்வாய்
29ஆம் திகதி எங்கள் ரெஸ்டோரண்டில் ஜப்பான் வைன் விருந்து. நாற்பது பேர் வருகிறார்களாம். வைனைப் பற்றிப் பேசப்போவது நான் என்று முதலாளி சொல்லிவிட்டார். "கொறற்றி, உங்களுடைய ஜெர்மன் நல்லது." பதினொரு வருடமாகப் பரிமாறுகிறேன், இன்றைக்குத்தான் கண்டுபிடித்தார் போல.

7 மார்ச், வெள்ளி
வேலைக்குப் போகையில் டோர்ட்மண்டிலிருந்து டுசல்டோர்ப் வரை ரயிலில், அந்த வைன் வரும் இடத்தைப் பற்றி வாசித்தேன். ஜப்பானில், நகானோ மலைகளுக்கு நடுவில் சிக்குமா ஆறு வடக்கே போகிறது. அடுத்த மாகாணத்துக்குள் நுழைந்ததும் அதே ஆற்றுக்குச் சினானோ என்று பெயர். சுற்றிவர மலை மறிப்பதால் மழை குறைவு. வைன் பிழியும் முந்திரிகைக் கொடிக்கு அது நல்லதாம். அந்தச் சரிவுகளில் ஒரு காலம் முழுக்க மல்பெரி, பட்டுப்புழுவுக்கு இலை. பட்டு விலைபோகாமல் விட்டதும் காடு மண்டிவிட்டது. பிறகுதான் வைன்காரர் வந்தார்கள்.

12 மார்ச், புதன்
விருந்துக்கான சிக்குமாச் சிவப்பு வைன் போத்தலின் பின்பக்க லேபலை இன்றைக்குத்தான் ஒழுங்காக வாசித்தேன். "எண்பது வருடக் கொடிகளின் மெர்லோ." எண்பது வருடத்துக்கு முதல் அந்தத் தோட்டத்தில் மல்பெரிதானே நின்றது? நான்தான் பிழையாக வாசித்தேனோ?

13 மார்ச், வியாழன்
டெனிஸ்டன் அண்ணையிடம் கேட்டேன். வைன் அறைப் பூட்டின் திறப்பு அவரிடம்தான். என்னை இந்த வேலைக்குக் கூட்டிவந்தவரும் அவர்தான்.
"உமக்கேன் பிள்ளை உந்த ஆராய்ச்சி? சிரிச்சுக்கொண்டு ஊத்தும்."
சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

18 மார்ச், செவ்வாய்
வேலைக்கு மூன்று மணிக்கே போய்விட்டேன். வைன் அறை உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. தட்டினேன். டெனிஸ்டன் அண்ணை திறக்க நேரம் எடுத்தது. பசை மணம். ஏதோ ஒன்றைச் சாக்குக்குக் கீழே தள்ளினார் — லேபல் சுருளின் நுனியைக் கண்டேன். அண்ணையா? எனக்கு வேலை எடுத்துத் தந்த மனுசனா?

20 மார்ச், வியாழன்
லேபலில் உள்ள தோட்டத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

24 மார்ச், திங்கள்
பதில் வந்தது. எழுதியவர் தோட்டக்காரி. தானும் கணவரும் மல்பெரி வேர்களைக் கிளப்பி 2004இல்தான் முதல் கொடி நட்டார்களாம். எங்கள் ரெஸ்டோரண்டுக்கு இரண்டு வருடத்துக்கு முதல் அறுபது போத்தல் அனுப்பினார்களாம். அதோடு சரி.
அறுபதை நாங்கள் ஒரு மாதத்தில் முடித்திருப்போம். பிறகு ஊற்றியதெல்லாம் எது?

25 மார்ச், செவ்வாய்
முதலாளியிடம் சொன்னேன். டெனிஸ்டன் அண்ணையின் பெயரையும் சொன்னேன். அமைதியாகக் கேட்டார். "வேறு யாருக்காவது தெரியுமா?" இல்லை என்றேன். தோளில் தட்டினார்.
ஏன் அதிர்ச்சிப்படவில்லை?

27 மார்ச், வியாழன்
அண்ணையை வேலையால் நிற்பாட்டியாகிவிட்டது. ஜாக்கெட்டைக் கையில் பிடித்தபடி பின்வாசலால் போனார்.

28 மார்ச், வெள்ளி
திறப்பு இப்ப என்னட்டை.
பின்னேரம் முதலாளி வந்து மேசையில் லேபல் சுருளை வைத்தார். பக்கத்தில் பெயரில்லாத மெர்லோ, இருபது போத்தல். "நாளைக்கு வேண்டும். டெனிஸ்டனுக்கும் முதலில் கஷ்டமாகத்தான் இருந்தது."
ஏலாது எண்டு சொல்லுவன் எண்டுதான் நினைச்சன். பசையை எடுத்தன்.
ஒட்டினன். இருபதும்.

29 மார்ச், சனி
பேசினேன். ஆறு, மலை, மல்பெரி, பட்டு. கடைசியில் எண்பது வருடக் கொடி என்றும் சொன்னேன். கை தட்டினார்கள்.

30 மார்ச், ஞாயிறு
பூசை முடிந்து நேரே அண்ணை வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பிளோறன்ஸ் அக்கா கதவைத் திறந்தா. வா என்று சொல்லவில்லை, விலகி நின்றா. நான் ஒட்டியதைச் சொன்னேன்.
"ரெண்டு தரம் ஏலாது எண்டனான். எனக்கு ஐம்பத்தெட்டு. இனி ஆர் வேலை தருவினம் எண்டு முதலாளி கேட்டவர்."
"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே அண்ணை."
"நீர் கேட்டனீர். நான்தான் மறைச்சனான். நீரும் நேரே அவரிட்டைப் போயிட்டீர்."
"ஓம்."
பிளோறன்ஸ் அக்கா இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. நாளைக்கு உணவுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் சந்திக்க டெர்மின் எடுத்து, எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்றேன்.

2 ஏப்ரல், புதன்
பத்தேகாலுக்கு டெர்மின். நேரத்தை அண்ணைக்கும் அனுப்பியிருந்தேன். தனியாகத்தான் போனேன். அண்ணை எனக்கு முதலே வந்து வாசலில் இருந்த வாங்கில் உட்கார்ந்திருந்தார்.
அதிகாரி ஒரு பெண். தோட்டக்காரியின் மின்னஞ்சலை வாசித்தா, நான் கொண்டுபோன லேபல் சுருளைத் தொட்டுப் பார்த்தா. "ஒட்டச் சொன்னது முதலாளி. சரி. ஒட்டியது யார்?"
"நான்," என்றார் அண்ணை.
அவர் பெயரை மட்டும் எழுதத் தொடங்கினா. பேசாமல் இருந்திருக்கலாம். சாட்சியாகத்தானே வந்தேன்.
"நானும்," என்றேன். "வெள்ளிக்கிழமை. இருபது போத்தல்."
அண்ணை திரும்பிப் பார்த்தார். அதிகாரி இன்னொரு படிவத்தை எடுத்து, என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னா. சொன்னேன்.